தொண்ணூறு மில்லி

என் வேலை என்னவென்று வீட்டில் முழுசாகச் சொன்னதில்லை.
விளையாட்டுத் துறை என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.
ஆட்டம் முடிந்த வீராங்கனையின் பின்னாலேயே போக வேண்டும்,
கண்பார்வையிலிருந்து விடக் கூடாது,
அவள் சிறுநீர் குப்பியில் விழுவதை
நேராக நின்று பார்க்க வேண்டும்.
தினப்படி எழுநூறு ரூபாய். தேநீர் தனி.

போன வாரம் பளு தூக்குகிறவர்கள்.
இந்த வாரம் சதுரங்கம்.
அதே உள்ளரங்கம், ஐ.டி.ஓ. பக்கம்,
இரும்பு விழுந்து பெயர்ந்த தரையின் மேல்
இப்போது பச்சைக் கம்பளம், நாற்பது மேசை.
தில்லி ஜனவரி. வெளியே நாலு டிகிரி.
தேநீர் ஊற்றும் பங்கஜ் கேட்கிறான்:
உட்கார்ந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு எதற்கு மேடம்
ஊக்கமருந்துச் சோதனை?
யானையைத் தூக்கி வைக்கிறார்களே, அதற்கா?

சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

ஜோனாலி சைக்கியா, வயது பத்தொன்பது.
ஐந்து மணி பத்து நிமிடம் ஆடினாள்.
எனக்குக் காய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது,
ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் மணியில் இடது செருப்பு கழன்றது.
காதுமடல் சிவந்து, பிறகு வெளுத்தது.
கழுத்து நரம்பில் துடிப்பை எண்ணிப் பார்த்தேன், பழக்கதோஷம்:
அரை நிமிடத்துக்கு அறுபத்திரண்டு.
எதிரே இருந்த பெண் வாழைப்பழத்தை
உரிக்காமலே கையில் வைத்திருந்தாள், நெடுநேரம்.

அப்புறம் இவள் யானையைத் தொட்டாள்.
தொட்டதுமே தெரிந்துவிட்டது போலிருக்கிறது,
விரல் அங்கேயே நின்றது.
தொட்டால் நகர்த்தியாக வேண்டும், அவர்கள் விதி.
எதையும் தொடக் கூடாது, என் விதி.

தோற்ற கையோடு வந்தவளிடம்
தாளை நீட்டி, உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றேன்.
தோற்றதற்குமா, என்று கேட்டாள்.

தாளில் 'ஸ்போர்ட்' என்று ஒரு கட்டம்.
அதில் 'செஸ்' என்று எழுதும்போது
பேனா ஒரு நொடி தயங்கியது, உண்மை.
தமிழில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.
ஓடினாலும் விளையாட்டு, உட்கார்ந்தாலும் விளையாட்டு,
பொய் சொல்லி மாட்டிக்கொண்டால்
சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறோம்.
அவள் முகத்தைப் பார்த்தால்
அந்த வார்த்தையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

தண்ணீர், முத்திரை உடைக்காத போத்தல்கள், மூன்று.
குடித்தாள். நடந்தாள். உட்கார்ந்தாள்.
குழாயைத் திறந்து விட்டேன். சத்தம் உதவும்.
ஒரு மணி நேரம் கழித்து அறுபது மில்லி.
தொண்ணூறு வேண்டும்.
அதை மூடி, ஒட்டி, எண்ணிட்டு, மறுபடி காத்திருப்பு.
போன வாரம் நூற்றுப்பத்து கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியவளும்
இதே நீலக் கதவைப் பிடித்துக்கொண்டு
வரவில்லை அக்கா என்று அழுதாள்.

இரவு ஒன்பதரை. கம்பளத்தைச் சுருட்டும் சத்தம் கேட்கிறது.
ஜோனாலி கண்ணை மூடிக்கொண்டாள்.
உதடு அசைந்தது, அசாமிய மொழியா, வெறும் எண்களா, புரியவில்லை.
ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்கிறாள் என்று
கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கு உறைத்தது.
முப்பத்தாறு வரை சரி, என்றாள், இந்தியில், என்னிடமா என்று தெரியாமல்.
முப்பத்தேழில் தொட்டிருக்கக் கூடாது.

அப்போது வந்தது.

எனக்கோ நின்று நின்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
அதை எழுதத் தாளில் கட்டம் கிடையாது.
ஜன்னல் கண்ணாடி உடைந்த அந்தக் குளிரில்
அவள் பிடித்திருந்த குப்பியிலிருந்து
லேசாக ஆவி எழும்பியது.
விதிப்படி
அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.